எந்த லேப் மலிவு என்று கேட்கும் முன்: வட சென்னைக் குடும்பத்துக்கு மூன்று வழிகள்

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு வீட்டுக்குள் டெஸ்ட் செலவு மூன்று வாசல் வழியாக நுழைகிறது. முதலாவது செல்போன் விளம்பரம்: ஃபுல் பாடி செக்கப், 80 டெஸ்ட், ஆயிரத்துச் சொச்சம், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். இரண்டாவது, சாயங்கால கிளினிக்கில் டாக்டர் எழுதித் தரும் சீட்டும் அதே தெருவில் நாலு கடை தள்ளி இருக்கும் லேப்பும். மூன்றாவது அரசு வழி: ஏரியாவின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அங்கே முடியாதது ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில், கர்ப்பிணிக்கு என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரி.

இந்த மூன்றையும் விலைப்பட்டியலை வைத்து ஒப்பிடுவதே வழக்கம். அது பாதிக் கணக்கு. 300 ரூபாய் டெஸ்ட்டை 200-க்கு முடித்தால் மிச்சம் 100 ரூபாய். அந்த டெஸ்ட்டே வேண்டாம் என்றால் 300-ம் மிச்சம். அதன் பின்னால் வரிசையாக வரும் ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட் ஃபீஸ், லீவு போட்டு இழக்கும் கூலி எல்லாமும் மிச்சம். ஆகவே இங்கே லேப்பை அல்ல, சந்தர்ப்பத்தை வைத்து ஒப்பிடுகிறோம். எந்தச் சந்தர்ப்பத்துக்கு எந்த வழி, எந்த டெஸ்ட்.

வருஷத்துக்கு ஒரு தடவை 'செக்கப்'

80 என்ற எண்ணிக்கையை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊதா மூடி போட்ட ஒரே குழாய் ரத்தத்தில் மெஷின் அடித்துத் தரும் சி.பி.சி. (ரத்த அணுக் கணக்கு) மட்டுமே இருபது வரிகளுக்கு மேல் வரும். கல்லீரலுக்கு ஒரு பத்துப் பதினொன்று. சிறுநீர் ரொட்டீன் என்றால் நிறம், தெளிவு, அடர்த்தி என்று பதினைந்துக்குக் குறையாது. கொழுப்புப் பட்டியலில் எட்டு ஒன்பது வரி இருக்கும். அதில் நிஜமாக அளப்பது மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு, டிரைகிளிசரைடு என மூன்றுதான். பல லேப்களில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து வருவது. வி.எல்.டி.எல். அந்த ஐந்தில் ஒரு பங்கேதான். மீதி விகிதங்கள் வகுத்தல் கணக்கு. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-க்குக் கீழே 'சராசரி சர்க்கரை' என்று தனி வரி இருக்கும். அதுவும் பெருக்கல் கழித்தல். ஆக 80 டெஸ்ட் என்பது நாலைந்து குழாய் சமாச்சாரம்.

எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. ரிப்போர்ட்டில் போடும் 'நார்மல்' எல்லை என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுத்தது. மீதி 5 சதவீதம் பேர் நோயில்லாமலேயே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், முழு ஆரோக்கியமான ஆளுக்கும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வர வாய்ப்பு சுமார் 64 சதவீதம். அந்தத் தடித்த எழுத்துதான் அடுத்த செலவின் ஆரம்பம். கல்லீரல் எண் கொஞ்சம் கூட என்றால் வயிற்று ஸ்கேன், வயிற்று ஸ்கேனில் ஒரு நீர்க்கட்டி, நீர்க்கட்டிக்கு சி.டி. ஸ்கேன். இப்படி ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கியது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

தைராய்டு ஸ்கேன் கதை இதற்குப் பெரிய உதாரணம். தென் கொரியாவில் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்களோடு கொஞ்சம் கூடுதல் காசுக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் பரவியது. 1993-ஐவிட 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறிதல் 15 மடங்கானது. இறப்பு எண்ணிக்கை மாறவில்லை. கண்டுபிடித்ததில் பெரும்பகுதி, தேடாமல் விட்டிருந்தால் ஆயுள் முழுக்கத் தொந்தரவு தராமலே இருந்திருக்கக்கூடிய சின்னக் கட்டிகள். ஆனால் ஆபரேஷன் நடந்தது, ஆயுளுக்கும் மாத்திரை வந்தது, சிலருக்குக் குரலும் கெட்டது.

நோய் அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொத்தாம்பொதுவாக எல்லாவற்றையும் பரிசோதிப்பதால் ஆயுள் கூடுகிறதா என்று காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை, இரண்டரை லட்சம் பேரை வைத்து 2019-ல் தொகுத்துப் பார்த்தது. இறப்பில் வித்தியாசம் இல்லை என்றே வந்தது. ஒரு திருத்தம் இங்கே சேர்க்க வேண்டும்: அந்த ஆய்வுகள் பணக்கார நாடுகளில் நடந்தவை, அங்கே பி.பி., சுகர் வேறு சந்தர்ப்பத்திலாவது பிடிபட்டுவிடும். நம் பக்கம் 45 வயதில் கால் புண்ணோடு வந்த பிறகே சுகர் இருப்பது தெரிய வரும் ஆட்கள் உண்டு. அதனால் நமக்குச் செக்கப்பே வேண்டாம் என்பதில்லை. சிறியதாக, குறி வைத்துச் செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

நோய் எதுவும் தெரியாத, 30 தாண்டிய ஒருவருக்கு அந்தச் சிறிய பட்டியல் இது: பி.பி., எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை. கொழுப்பு 40-ஐ ஒட்டி ஒரு தடவை பார்த்து, அதை வைத்து அடுத்தது எப்போது என்று முடிவு செய்யலாம். பெண்களுக்கு 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒரு தடவை கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும். வாய்ப் பரிசோதனை எல்லோருக்கும். வட சென்னையில் ஹான்ஸ், மாவா ஒதுக்கும் பழக்கம் உள்ளவருக்கு இதைவிட லாபமான டெஸ்ட் கிடையாது. டாக்டரோ நர்ஸோ டார்ச் அடித்து, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, ஈறு என்று இரண்டு நிமிடம் பார்ப்பது. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தால் போதும், மேலே அனுப்புவார்கள். 80 டெஸ்ட் பேக்கேஜில் இது கிடையாது. ரத்தம் எடுக்க வரும் பையன் வாயைத் திறக்கச் சொல்வதில்லை.

இவை அனைத்தும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் நடப்பவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் பார்ப்பதும் மாத்திரை தருவதும் வீட்டு வாசலுக்கே வருகிறது. இந்தச் சந்தர்ப்பத்தில் அரசு வழிதான் ஜெயிக்கிறது, போட்டியே இல்லை.

ஏற்கெனவே சுகர் உள்ளவருக்குக் கணக்கு மாறும். வருஷத்துக்கு அவருக்கு வேண்டியவை: எச்பிஏ1சி, கட்டுப்பாட்டில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒன்று, இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒன்று. அதற்கு முன்னால் எடுப்பது வீண். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அது அளக்கிறது, போன மாதம் எடுத்ததை இந்த மாதம் எடுத்தால் பாதிக்கு மேல் பழைய ரத்தம்தான். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கொழுப்பு வருஷத்துக்கு ஒன்று. சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் வருஷத்துக்கு ஒன்று. கண்ணின் விழித்திரைப் பரிசோதனை வருஷத்துக்கு ஒன்று. கால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் நரம்பை வைத்துப் பார்ப்பது. கடைசி மூன்றும்தான் சிறுநீரகத்தையும் கண்ணையும் காலையும் காப்பாற்றுபவை. பேக்கேஜில் பெரும்பாலும் விடுபடுபவையும் அவையே. அதற்குப் பதில் வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து, புற்றுநோய் மார்க்கர் என்று அடுக்கியிருப்பார்கள். அறிகுறி இல்லாதவருக்கு சி.இ.ஏ., சி.ஏ.125 போன்ற மார்க்கர்களை எடுப்பது பணத்தைக் கொடுத்துப் பயத்தை வாங்குவது. பெண்களுக்கு மாதவிலக்கு நாளிலும் சி.ஏ.125 ஏறும்.

பேக்கேஜ் எப்போது சரி? நமக்கு வேண்டிய நாலு டெஸ்ட்டைத் தனித்தனியாக எடுப்பதைவிடப் பேக்கேஜ் மலிவாக இருந்தால் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் வேண்டிய நாலையும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மீதி வரிகளில் லேசாக எகிறியதைத் துரத்தாத மனசு வேண்டும். அது பலருக்கு இல்லை. மார்ச் மாதம் வருமான வரிக்காகப் பேக்கேஜ் வாங்குவோருக்கு: 80டி என்று சொல்லப்படும் பிரிவில் தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு, அது இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கான மொத்த வரம்புக்குள் அடங்கியது, பழைய வரி முறையில் மட்டும். 20 சதவீத வரி கட்டுபவர் 5,000 செலவழித்தால் சுமார் 1,000 ரூபாய் திரும்பும். அதற்காக டெஸ்ட் எடுப்பது வண்டி வாங்க ஹெல்மெட் தள்ளுபடியைக் காரணம் காட்டுவது மாதிரி.

காய்ச்சல்

அக்டோபர், நவம்பர் மழையில் கொடுங்கையூரிலும் கொருக்குப்பேட்டையிலும் தண்ணீர் தேங்கும்போது லேப்களில் அதிகம் ஓடும் சரக்கு 'ஃபீவர் ப்ரொஃபைல்'. சி.பி.சி., உடம்பில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., டைஃபாய்டுக்கான வைடால், மலேரியா, டெங்குவுக்கு மூன்று வகை டெஸ்ட், சிறுநீர் எல்லாம் ஒரே கட்டு. காய்ச்சல் வந்த முதல் நாளே எடுத்தால் இதில் பாதி பதில் சொல்லாது. காரணம் தேதிக் கணக்கு.

டெங்குவுக்கு, கிருமியின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 முதல் ஐந்து நாளுக்குள் பார்ப்பது. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியான ஐ.ஜி.எம். ஐந்தாம் நாளுக்குப் பிறகே நம்பகமாக ஏறும். நெடுநாள் தங்கும் ஆன்டிபாடியான ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ் என்றால் முன்பு எப்போதோ வந்து போனதாகவும் இருக்கலாம். இந்த ஊரில் அது அதிசயமில்லை. ஆக இரண்டாம் நாளில் மூன்றுக்கும் சேர்த்துக் காசு கட்டுவது, ரயில் வராத பிளாட்ஃபாரத்துக்கும் டிக்கெட் எடுப்பது.

வைடால் இன்னும் மோசம். டைஃபாய்டு கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியை அது பார்க்கிறது. முதல் வாரக் கடைசிக்கு முன் அது சரியாக எழாது. எழுந்தாலும், டைஃபாய்டு சகஜமாக இருக்கும் ஊரில் ஆரோக்கியமானவர்களுக்கே 1:80 அளவு காட்டும். ஒரே ஒரு வைடாலை வைத்து 'டைஃபாய்டு பாசிட்டிவ்' என்று சொல்லி ஐந்து நாள் ஊசி போடுவதில்தான் பெரிய செலவு. டைஃபாய்டு என்று நிஜமாகச் சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும். விலை கூட, பதில் வர இரண்டு மூன்று நாளாகும். ஆனால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் அதுவே சொல்லும். இரண்டு வைடாலுக்கும் தேவையில்லாத ஊசிக்கும் ஆகும் காசுக்கு ஒரு கல்ச்சர் தாராளமாக முடியும்.

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத பெரியவருக்குப் படிப்படியான வழி இது. முதல் இரண்டு நாள் பாராசிட்டமால், தண்ணீர், கஞ்சி, டாக்டர் ஒரு தடவை நேரில் பார்த்தல். டெங்கு சீசன் என்றால் இரண்டாம் மூன்றாம் நாள் ஒரு சி.பி.சி.யும் என்.எஸ்.1-ம். சி.பி.சி.யில் எல்லோர் கண்ணும் தட்டணுக்களில் (பிளேட்லெட்) நிற்கிறது. டாக்டர் பார்க்க வேண்டியது பி.சி.வி. என்ற ஹிமட்டோகிரிட். முதல் அளவைவிட அது 20 சதவீதம் ஏறினால் ரத்த நாளத்திலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். முதல் சி.பி.சி. எடுப்பதே பின்னால் ஒப்பிட ஓர் அளவு வேண்டும் என்பதற்காகத்தான். நான்காம் நாளும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் மலேரியா ரத்தப்பூச்சு, சிறுநீர். ஐந்து நாள் தாண்டினால் ஐ.ஜி.எம்., கல்ச்சர் பற்றி யோசிக்கலாம். மலேரியா பகுதியிலிருந்து வந்தவர், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் உள்ளவர் என்றால் ரத்தப்பூச்சை முதல் நாளே எடுத்துவிட வேண்டும். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் அது இலவசம்.

தட்டணு 90,000 என்று வந்ததும் காலை ஒன்று சாயங்காலம் ஒன்று என எண்ணத் தொடங்குவார்கள். நிதானமாக இருப்பவருக்கு நாளுக்கு ஒன்று போதும். எண் திடீரென்று பாதாளத்துக்குப் போயிருந்தால் முதலில் கேட்க வேண்டியது, ஸ்லைடில் கண்ணால் பார்த்தார்களா என்று. ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளால் சிலருடைய தட்டணுக்கள் கட்டிக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஒரு கொத்தை ஒன்றாக எண்ணிவிடும். நீல மூடி சிட்ரேட் குழாயில் திரும்ப எடுத்தால் பெரும்பாலும் நிஜ எண் தெரிந்துவிடும். இது தெரியாமல் தட்டணு ஏற்ற ஆள் தேடி அலைந்த குடும்பங்கள் உண்டு.

செலவு குறைப்பு செல்லாத இடமும் இதே காய்ச்சலில்தான். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், அது விடும் சமயத்தில், விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறு, மூக்கு வழியே ரத்தம், கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, அரைத்தூக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் லேப்புக்குப் போகக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதல் நாளே.

காய்ச்சலுக்கு எந்த வழி? தெருவிலேயே இருக்கும், இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்க்கக்கூடிய டாக்டர்தான் இங்கே மலிவு. அவர் ஃபீஸ் இரண்டு தடவை கொடுத்தாலும் ப்ரொஃபைல் விலையைத் தொடாது. 'ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம்' என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் வருவது, நோயாளி திரும்ப வருவார் என்ற நம்பிக்கையில். ஒரே தடவை வந்து காணாமல் போகும் நோயாளிக்குத்தான் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதிவிடுகிறார்கள்.

முதுகு வலிக்கு ஸ்கேன்

துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், காசிமேட்டில் ஐஸ் பெட்டி இழுப்பவர், நாள் முழுக்க ஆட்டோ ஓட்டுபவர்: மூவருக்கும் வரும் வலி இது. காலில் பலவீனம், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போதல், உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய், பலத்த அடி இவை எதுவும் இல்லை என்றால் முதல் ஆறு வாரம் எம்.ஆர்.ஐ. வேண்டியதில்லை. பெரும்பாலான வலி அதற்குள் அடங்கிவிடும். படுத்தே கிடக்காமல் நடமாட வேண்டும் என்பதுதான் மருந்து.

எடுத்தால் என்ன ஆகும்? 'டிஸ்க் பல்ஜ்' என்று வரும். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில் 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் அது இருந்தது. நரைமுடி மாதிரி. ஆனால் 'உனக்கு டிஸ்க் நகர்ந்திருக்கிறது' என்று கேட்ட சுமை தூக்குபவர் வேலைக்குப் போகப் பயப்படுவார். ஸ்கேன் காசைவிட அந்த இழப்பு பெரிது.

ஸ்கேன் வேண்டும் என்றே ஆகிவிட்டால் அரசு வழியின் விலையைத் தனியார் எட்ட முடியாது. 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளில் நடத்தும் மையங்களில் சி.டி.க்கு 500 ரூபாயும் எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாயும்தான் நெடுங்காலமாக வாங்கிவந்த கட்டணம். வெளியே எம்.ஆர்.ஐ. அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. சி.டி. மலிவு என்பதற்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒரு வயிற்று சி.டி.யின் கதிர்வீச்சு, இயற்கையில் இரண்டு மூன்று வருஷத்தில் உடம்பில் படும் அளவு.

கண் ஆபரேஷன், அட்மிஷன், கிளெய்ம்

கண்புரை ஆபரேஷனுக்கு முன் ரத்தம், இ.சி.ஜி. என்று எல்லோருக்கும் எடுப்பதால் பலன் உண்டா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 19,000-க்கு மேற்பட்ட ஆபரேஷன்களில் பார்த்து 2000-ல் வெளியிட்டார்கள். எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சிக்கல் ஆயிரத்துக்கு 31 என்று ஒன்றாகவே இருந்தது. பி.பி., சுகர் பார்ப்பது வேறு, அது வேண்டும். மீதிக்கு, 'இவருக்கு ஏன்' என்று கேட்கலாம்.

டெஸ்ட் எடுப்பதற்காகவே ஒரு நாள் அட்மிட் ஆனால் இன்ஷூரன்ஸில் கிடைத்துவிடும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கிடைக்காது. பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவதைப் பாலிசிகளின் பொது விலக்குப் பட்டியலிலேயே எழுதியிருக்கிறார்கள். கிளெய்ம் தள்ளுபடியாகி, ரூம் வாடகையும் தலையில் விழும். பாலிசியில் சொன்ன நாள் வரம்புக்குள், நிஜமான அட்மிஷனுக்கு முன்பு அதே நோய்க்காக எடுத்த டெஸ்ட்டுக்குத்தான் பணம். பில்லோடு டாக்டர் எழுதிய சீட்டும் ரிப்போர்ட்டும் வேண்டும். சீட்டை லேப்பிலேயே விட்டுவிட்டு வருவது வழக்கமான தவறு.

சாம்பிள் கெட்டால் காசு இரட்டிப்பு

விலை ஒப்பிடும் யாரும் கேட்காத கேள்வி, எடுத்த ரத்தம் எத்தனை மணிக்கு மெஷினைத் தொடும் என்பது. வீட்டுக்கு வந்து எடுப்பவர் காலை ஆறரைக்குத் தொடங்கி பத்து வீடு முடித்து பைக்கில் லேப் போய்ச் சேர பத்தரை ஆகலாம். மே மாதத்து மணலி வெயிலில் அந்தப் பை எப்படி இருக்கும்? குழாயில் உள்ள ரத்தம் செத்ததல்ல. அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். சாம்பல் மூடி ஃப்ளோரைடு குழாயில் எடுக்காமல், அணுக்களைப் பிரிக்காமல் மூன்று மணி நேரம் வைத்தால் 130 இருந்த வெறும் வயிற்றுச் சர்க்கரை 110-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சுகர் உள்ளவர் இல்லாதவராகிவிடுவார்.

பொட்டாசியம் நேர்மாறு. ஊசி மெலிதாக இருந்து வேகமாக இழுத்தாலோ, கையை இறுகக் கட்டி 'மூடித் திற, மூடித் திற' என்று பத்துத் தடவை சொன்னாலோ, குழாயைக் குலுக்கினாலோ அளவு ஏறும். ரிப்போர்ட்டில் 6.1 என்று பார்த்து எமர்ஜென்சிக்கு ஓடி, இ.சி.ஜி. எடுத்து, திரும்ப ரத்தம் கொடுத்தால் 4.3 இருக்கும். ஊதா மூடிக் குழாயின் ரத்தத்தை வேறு குழாயில் ஊற்றிக் கலந்தாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். இரண்டும் ஒன்றாகத் தப்பாக வந்தால் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும்.

ஆகவே வீட்டுக்கு வரச் சொன்னால் முதல் வீடாகக் கேளுங்கள். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். குழாயில் பெயரும் நேரமும் கண் முன்னாலேயே எழுதுகிறாரா என்று கவனியுங்கள். பலகையில் என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தர அங்கீகாரம்) என்று இருந்தாலும் அது கலெக்‌ஷன் சென்டருக்கா, ரத்தம் போய்ச் சேரும் லேப்புக்கா, நீங்கள் கொடுக்கும் டெஸ்ட்டுக்கா என்பது வேறு வேறு கேள்வி. பக்கத்து லேப் சின்னதாக இருந்தாலும் எடுத்த அரை மணியில் மெஷினில் போடுமானால் சர்க்கரை, பொட்டாசியத்துக்கு அதுவே மேல். தைராய்டு, எச்பிஏ1சி போல மெதுவாக மாறுபவற்றுக்கு, எங்கே எடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் அதே லேப்பில் எடுப்பது முக்கியம். மெஷின் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், மாத்திரை அளவு வீணாக மாறும். தைராய்டு மாத்திரை அளவை மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் டி.எஸ்.எச். எடுக்க வேண்டாம். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் சாப்பிடுபவர் இரண்டு நாள் நிறுத்திவிட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் தப்பாக வரலாம்.

இலவசத்தின் விலை

பெரியவர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன ஸ்டான்லியில் டெஸ்ட்டுக்குக் காசில்லை. நேரத்துக்கு உண்டு. ஒரு நாள் ஓ.பி. சீட்டும் டாக்டரும், மறுநாள் வெறும் வயிற்று ரத்தம், இன்னொரு நாள் ரிப்போர்ட். நாள் கூலிக்காரருக்கு மூன்று நாள் கூலி என்பது வெளி லேப்பின் சி.பி.சி., கிரியாட்டினின், எச்பிஏ1சி மூன்றையும் தாண்டிவிடும். குறைக்க வழி உண்டு: முதல் நாளே சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, சீக்கிரம் போவது, சாப்பிடாமல் வந்திருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்வது, ரிப்போர்ட் வாங்கும் நாளை மாத்திரை வாங்கும் நாளோடு சேர்த்துக்கொள்வது. சும்மா சுகர் பார்க்க ஸ்டான்லி வேண்டாம், ஏரியா சுகாதார நிலையம் போதும். வெளி டாக்டர் சீட்டை நேராக ஸ்டான்லி லேப்பில் நீட்டினாலும் எடுக்க மாட்டார்கள், ஓ.பி. வழியாகத்தான் போக வேண்டும்.

அரசு வழியைத் தவிர வேறு எங்கும் போகவே கூடாத ஒன்று, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல். சளியில் டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். டி.பி.க்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் டெஸ்ட்டை மத்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. இன்றைக்கும் யாராவது அப்படி எழுதினால் அந்தச் சீட்டோடு அடுத்த டாக்டரைப் பார்ப்பது நல்லது.

நெஞ்சு வலி, வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுதல், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, சிறுநீரில் ரத்தம், கர்ப்ப காலப் பரிசோதனைகள். இவற்றில் இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் பொருந்தாது. டாக்டர் எழுதிய டெஸ்ட்டை எடுத்துவிட வேண்டும். முதல் மூன்றுக்கு 108.

டாக்டரிடம் கேட்பது

கிளினிக்கில் வாய் திறக்கக் கூச்சப்படுபவர்கள் அதிகம். 'எதுக்கு சார் இவ்ளோ டெஸ்ட்டு' என்றால் சண்டை மாதிரி ஆகிவிடும். வேறு விதமாகக் கேட்கலாம்: 'டாக்டர், இதுல எது இன்னைக்கே வேணும், எது ரெண்டு நாள் பாத்துட்டு எடுக்கலாம்?' 'இது கூட வந்தா என்ன மருந்து, கம்மியா வந்தா என்ன மருந்து?' 'போன மாசம் எடுத்த ரிப்போர்ட் இருக்கு, பாக்கறீங்களா?' இரண்டாம் கேள்விதான் உரைகல். இரண்டு பக்கமும் ஒரே மருந்து என்றால் பெரும்பாலான டாக்டர்கள் தாமே அதை அடித்துவிடுவார்கள்.

கமிஷன் விஷயத்தை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. நோயாளியை அனுப்புவதற்குப் பணம் வாங்குவதோ கொடுப்பதோ கூடாது என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின் 6.4 பிரிவு சொல்கிறது. சாதாரண சி.பி.சி.க்கே 'அந்த லேப்தான், வேற எடுத்தா பாக்க மாட்டேன்' என்றால் சந்தேகப்படலாம். ஆனால் கல்ச்சர், திசுப் பரிசோதனை, கர்ப்ப ஸ்கேன் போன்றவற்றில் யார் கையில் செய்தது என்பது நிஜமாகவே முக்கியம். அங்கே டாக்டர் ஓர் இடத்தைச் சொன்னால் காரணம் கேட்டுவிட்டுப் போவதே சரி.

வீட்டில் ஒரு ஃபைல் வேண்டும், தேதி வரிசையில், புதியது மேலே. ஸ்கேன் என்றால் ஃபிலிம் மட்டும் அல்ல, படம் பதிந்த சி.டி. தட்டையோ லிங்க்கையோ கேட்டு வாங்க வேண்டும்; ஆஸ்பத்திரி மாறும்போது திரும்ப எடுக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அது இல்லாததுதான்.

கடைசியாக, எல்லையைக் கொஞ்சம் தாண்டிய எண். கல்லீரல் டெஸ்ட்டான எஸ்.ஜி.பி.டி. 40 வரை நார்மல் என்று போட்டு 52 வந்திருக்கிறது. மஞ்சள் காமாலை இல்லை, வயிற்று வலி இல்லை. ஸ்கேன் சென்டருக்குப் போவதற்கு முன், குடி இருந்தால் நிறுத்தி, நாட்டு மருந்து, லேகியம், ஜிம் பவுடர் இருந்தால் அவற்றையும் நிறுத்தி, ஒரு மாதம் கழித்து அதே லேப்பில் எஸ்.ஜி.பி.டி. மட்டும் எடுக்க வேண்டும், பேக்கேஜ் அல்ல. இறங்கியிருந்தால் ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்துவிடலாம். அதே இடத்தில் நின்றாலோ ஏறினாலோ மஞ்சள் காமாலை வைரஸ் (ஹெபடைடிஸ்) பி, சி பரிசோதனையும் வயிற்று அல்ட்ராசவுண்டும். அப்போது எடுக்கும் ஸ்கேனில் டாக்டர் எதைத் தேடுகிறார் என்பது சீட்டிலேயே எழுதியிருக்கும்.